அக்கா வேண்டாம் என்றுதான் சொன்னாள்

என்னை வீட்டில் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தது அக்கா. அவள் பேசுவாள், நான் வெட்டுவேன். வங்கிக்கு ஃபோன் போட்டால், 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது' என்று ஒரு பெண் இனிக்க இனிக்கச் சொல்லி உங்களை இருபது நிமிடம் காக்க வைப்பாளே, அது அக்கா. அவளைத் திட்டாதீர்கள். காக்க வைப்பது வங்கி.

நாங்கள் பதிவு செய்கிற இடத்தை ஸ்டுடியோ என்று சொன்னால் உண்மையான ஸ்டுடியோக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். என் இரண்டறை வீட்டின் துணி அலமாரிதான் அது. தட்டுகளைக் கழற்றிவிட்டு மூன்று பக்கமும் பழைய கம்பளிகளைத் தொங்கவிட்டிருக்கிறேன். நடுவில் ஒரு முக்காலி, ஒரு மைக். ஃபேன் கிடையாது, அதன் சத்தம் பதிவாகிவிடும். ஃபிரிட்ஜின் பிளக்கையும் பிடுங்கிவிடுவேன். அக்கா வளையல்களைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனால் முக்கால் மணி நேரம் கழித்துத் தலைக்குக் குளித்தவள் மாதிரி வெளியே வருவாள். மைக்குக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து, முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிப் பேச வேண்டும். நேராகப் பேசினால் ஒவ்வொரு 'ப'வும் காதில் வெடிக்கும்.

அதற்குப் பிறகு என் வேலை. மூச்சை எடுப்பேன். உதடு பிரிகிற சத்தத்தை எடுப்பேன். இழுத்துப் பேசிய இடத்தைச் சுருக்குவேன், தடுமாறிய சொல்லைத் தூக்கிவிட்டு வேறு இடத்தில் அவளே நன்றாகச் சொன்னதைக் கொண்டுவந்து ஒட்டுவேன். என் கை பட்டு வெளியே போகும் அக்காவுக்கு மூச்சே கிடையாது, தொண்டைக் கமறல் கிடையாது, சந்தேகம் கிடையாது.

கணினித் திரையில் குரல் ஒரு கோடாக ஓடும். பேச்சு வருகிற இடத்தில் கோடு புடைத்துக்கொள்ளும், மௌனத்தில் படுத்துவிடும். பதினொரு வருடமாக அதையே பார்த்துப் பார்த்து, எது மூச்சு, எது முக்காலி முனகியது என்று கேட்காமலேயே சொல்லிவிடுவேன். கண்ணாலேயே வெட்டுவேன். மற்றவர்கள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அரை நாள் உட்கார்ந்து செய்கிற வேலையை நான் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவேன். இதைப் பற்றி நான் யாரிடமும் பீற்றிக்கொள்ளாமல் விட்டதில்லை. அக்காவுக்குத்தான் பிடிக்காது. "காதால செய்யற வேலையைக் கண்ணால செய்யறான் பாரு" என்பாள். நான் சிரிப்பேன்.

ஓர் ஆஸ்பத்திரிக்கு நாங்கள் செய்த வேலை அத்தானால் வந்தது. அத்தான், அதாவது அக்காவின் கணவர், லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். பாதி லிஃப்டுகளில் 'கதவு மூடுகிறது' என்று சொல்வதும் அக்காதான். "வீட்டுலயும் உங்க அக்கா, வேலைக்குப் போனா அங்கயும் உங்க அக்கா, நான் எங்கதான் போறது" என்று அலுத்துக்கொள்வார். அவருக்கு மாரடைப்பு வந்து, இதயக் குழாய் அடைக்காமல் இருக்க ஸ்டென்ட் என்கிற சின்னக் கம்பிவலை வைத்தார்கள். பிறகு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டதால் பதினெட்டு நாள் வார்டில் கிடந்தார். அந்த நாட்களில் அக்கா, பக்கத்துக் கட்டில்காரர்களுக்கெல்லாம் மருந்துச் சீட்டைப் படித்துக் காட்டினாள். தலைமை நர்ஸ் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். "நாங்க கத்தி கத்திச் சொன்னாலும் யாரும் கேக்கறதில்லம்மா. நீங்க சொன்னா தலையாட்டுறாங்க" என்றார்.

அப்படித்தான் முப்பது செய்திகள் தயாராயின. ஸ்டென்ட் வைத்து வீட்டுக்குப் போகிறவர்களுக்குத் தினமும் காலை எட்டு மணிக்கு ஃபோன் வரும். முதல் நாள் என்ன செய்ய வேண்டும், இரண்டாம் நாள் என்ன, இப்படி ஒரு மாதம். அத்தான் இன்னும் வார்டில் இருக்கும்போதே இரண்டு மதியங்களில் அக்கா எல்லாவற்றையும் படித்து முடித்தாள். அத்தான் வீடு திரும்பிய நாளில்தான் அந்த ஏற்பாடும் தொடங்கியது. முதன்முதலில் ஃபோன் வந்தவர்களில் அவரும் ஒருவர். தன் பெண்டாட்டி பக்கத்து அறையில் இருக்கும்போதே, அவள் குரலை ஃபோனில் கேட்டுக்கொண்டு மரியாதையாகத் தலையாட்டுவாராம்.

பத்தாம் நாள் காலை தலைமை நர்ஸ் என்னைக் கூப்பிட்டார். வயதானவர்கள் சிலருக்குச் சத்தம் போதவில்லையாம். முப்பதையும் கொஞ்சம் ஏற்றித் தரச் சொன்னார். மணி பத்து இருக்கும். தேநீரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இருப்பதிலேயே ஒன்பதாம் நாள் செய்திதான் அடங்கி ஒலித்தது, அதை வைத்து அளவு பார்க்கலாம் என்று ஓடவிட்டேன். கை கோப்பையில் இருந்ததால் கண் திரையில் இல்லை.

"சிறிய காயத்தில் இரத்தம் கசிந்தால் பயப்பட வேண்டாம்," என்றாள் அக்கா. "காயத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும். மாத்திரையை நிறுத்த வேண்டும்."

அளவு குறைவாகத்தான் இருந்தது. சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினேன். மறுபடி ஓடவிட்டேன். மாத்திரையை நிறுத்த வேண்டும். இரண்டாவது முறை கேட்டபோதுதான் கோப்பையைக் கீழே வைத்தேன். ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்திருந்த தாளைத் தேடி எடுத்தேன். தாளில் 'நிறுத்த வேண்டாம்' என்று இருந்தது. இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரை அது. அதை நிறுத்தினால் வைத்த ஸ்டென்டே அடைத்துக்கொள்ளும் என்று அத்தானிடம் டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில் நின்றேன்.

அக்கா தப்பாகப் படித்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். நினைத்தேன் என்ன, அப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வெட்டாத பழைய பதிவைத் திறந்தேன். அதில் அவள் தெளிவாக 'வேண்டாம்' என்கிறாள். அந்தச் சொல்லின் மேலேயே ஒரு குப்பை லாரியின் ஹார்ன்.

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவள் வார்டுக்குப் போக வேண்டிய அவசரத்தில் கிளம்பிவிட்டாள். ஒரு சொல்லுக்காகத் திரும்பக் கூப்பிடுவானேன் என்று, அதே செய்தியில் ஹார்ன் விழாத இன்னொரு 'வேண்டாம்' எடுத்து ஒட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். முதல் வாக்கியத்தில் ஒன்று இருந்தது. நான் இரண்டாவது வாக்கியத்திலிருந்து எடுத்திருக்கிறேன். அது 'வேண்டும்'. திரையில் இரண்டுக்கும் இரண்டிரண்டு புடைப்புகள், ஒன்று மயிரிழை குட்டை. ஒட்டியதும் கேட்டேன், கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் தொழிலில் ஒட்டுப்போட்ட இடம் தெரிகிறதா என்றுதான் கேட்போம். "நிறுத்த வே" என்பது வரை கேட்டேன். தையல் தெரியவில்லை. நிறுத்திவிட்டேன்.

மூன்றே நிமிடத்தில் முதல் வாக்கியத்தின் 'வேண்டாம்' எடுத்து வைத்து, ஐந்து முறை கேட்டு, ஆஸ்பத்திரியின் ஃபோன் ஏற்பாட்டில் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றினேன். அதற்கான கடவுச்சொல் என்னிடம் இருந்தது. இனி யாருக்கும் அந்தத் தப்பு போகாது. யாருக்கும் தெரியவும் தெரியாது.

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. நான் நான்கு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். சொன்னால் அக்காவின் பிழைப்பு போகும், என் பிழைப்பு போகும், போலீஸ் வருமோ என்னவோ. சொல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. காயம் பட்டவர்கள்தானே நிறுத்துவார்கள், எத்தனை பேருக்குக் காயம் பட்டிருக்கும் என்றெல்லாம் என் மனம் எனக்கு வக்கீல் வேலை பார்த்தது. பிறகு விரல் விட்டு எண்ணினேன். அத்தானுக்கு இன்று பத்தாம் நாள். அப்படியென்றால் நேற்று ஒன்பது.

அவருக்கு ஃபோன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டேன். அக்கா அன்றைக்கு வேறு ஒரு கம்பெனியின் ஸ்டுடியோவில் பதிவுக்குப் போயிருந்தாள். அவள் ஃபோன் அணைந்திருந்தது. அத்தான் வீட்டில் தனியாக இருந்தார். மூன்றாவது முறையும் அவர் எடுக்காதபோதுதான் நான் தலைமை நர்ஸைக் கூப்பிட்டேன். அந்தப் பட்டியலில் அத்தான் இல்லாமல் இருந்திருந்தால் கூப்பிட்டிருப்பேனா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

"சிஸ்டர், ஒன்பதாம் நாள் செய்தில ஒரு தப்பு."

"அதான் சொன்னேனே, சத்தம் கம்மின்னு."

"அது இல்ல. நிறுத்த வேண்டாம்னு வரணும். நிறுத்த வேண்டும்னு வந்திருக்கு."

"எதை?"

"மாத்திரையை."

அந்தப் பக்கம் விசைப்பலகையில் வேகமாகத் தட்டுகிற சத்தம். "நேத்து நாலு பேருக்குப் போயிருக்கு. இன்னைக்கு மூணு. ஏழு பேர். முதல் ஆளு உங்க அத்தான். அவர்கிட்ட பேசினீங்களா?"

"எடுக்கல சிஸ்டர்."

"அப்ப ஏன் இன்னும் என்கிட்ட பேசிட்டிருக்கீங்க? போங்க. நிறுத்தியிருந்தா உடனே ஒண்ணு போட வைங்க. மத்த ஆறு பேரை நான் பாக்கறேன்."

ஸ்கூட்டரில் பத்து நிமிட தூரம். அத்தான் கதவைத் திறக்காவிட்டால் என்ன செய்வது, அக்காவிடம் என்ன சொல்வது, அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது. இது மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. மாடிப்படியில் ஓடி ஏறினேன். மணியை அடித்தேன். உள்ளே குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது, பிறகு நின்றது.

அத்தான் தோளில் துண்டோடு கதவைத் திறந்தார். உயிர் வந்தது. அவர் தாடையில் ஒட்டியிருந்த சின்னப் பிளாஸ்திரியைப் பார்த்ததும் வந்த உயிர் திரும்பிப் போனது.

"வா மச்சான். என்ன பேயறைஞ்ச மாதிரி நிக்கற?"

"மாத்திரை போட்டீங்களா அத்தான்?"

"எது?"

"ரத்தம் உறையாம இருக்கறதுக்கு. காலையில போடறது."

"அதை நேத்தே நிறுத்தியாச்சே." பெருமையாகச் சொன்னார். "முந்தாநாள் சவரம் பண்றப்ப கீறிடுச்சு. ரத்தம் நிப்பேனாங்குது. நேத்துக் காலையில பாத்தா, எனக்குன்னே சொன்ன மாதிரி ஃபோன் வருது. சின்னக் காயம், அழுத்திப் புடிங்க, மாத்திரையை நிறுத்துங்கன்னு."

"அக்காதான தினமும் கையில எடுத்துக் குடுப்பா?"

"குடுத்தா. வாயில போடற மாதிரி போட்டு, அவ அந்தப் பக்கம் திரும்பினதும் துப்பிட்டேன்." குரலைத் தாழ்த்திச் சிரித்தார். "சொல்லிடாதே. வீட்டுல உங்க அக்கா ஆயிரம் சொல்லுவா, அதுல பாதி தப்பா இருக்கும். ஃபோன்ல வர்றது அப்படியா? அது நீ உக்காந்து பாத்துப் பாத்துத் திருத்தி அனுப்பறது இல்ல?"

உள்ளே போய் மாத்திரை அட்டையை எடுத்து, ஒன்றைப் பிதுக்கி, தண்ணீரோடு நீட்டினேன். நான் தப்பு செய்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் நம்பாமல் பார்த்தார். பிறகு விழுங்கினார். விழுங்கிவிட்டு இடது தோளைத் தேய்த்துக்கொண்டார்.

"தோள் என்ன?"

"ஒண்ணும் இல்ல. காலையில பக்கெட் தூக்கினேன், லேசா இழுக்குது."

இடது தோள் என்றதும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அது வரும் வரை அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தேன். அவர் ஏதேதோ கேட்டார், எந்தச் சொல், எப்படி மாறியது என்று. நான் அவர் மார்பு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் ஒரு மனிதர் மூச்சு விடுகிற சத்தத்தை அவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் அவரைக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு இளம் டாக்டர் வந்து, இதுவரை அடைப்பு எதுவும் தெரியவில்லை, ஆனால் இரண்டு நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். அக்கா அதற்குள் வந்துவிட்டாள். யாரோ சொல்லி, பதிவின் நடுவில் எழுந்து ஓடி வந்திருக்கிறாள். வளையல் போடாத கை. டாக்டர் போனதும், ஒட்டியதில் சொல் மாறிய கதையை அவளிடம் சொன்னேன்.

"ஒட்டினதும் முழுசா கேட்டுப் பாக்கலையா?" என்றாள்.

"இல்லக்கா."

தலைமை நர்ஸ் எங்களைக் கையாட்டிக் கூப்பிட்டார்.

அவர் மேசை வராந்தாவின் கோடியில் இருந்தது. ஆறு பேரில் மூன்று பேர் நிறுத்தவே இல்லை. இரண்டு பேர் நிறுத்தியிருந்தார்கள். அதில் ஒருவருக்கு மூச்சு வாங்குகிறது என்று வீட்டார் காரில் அழைத்து வந்துகொண்டிருந்தார்கள். கடைசி ஆள் ஒரு தச்சர். அவருக்கும் நேற்று ஒன்பதாம் நாள். உளி பட்டு விரலில் காயம். நர்ஸ் இரண்டு முறை பேசிப் பார்த்துவிட்டார், மனிதர் நம்பவில்லை.

"என்னை மோசடிக்காரின்னு சொல்றாரு," என்று நர்ஸ் எங்களிடம் சொன்னார். "தினமும் ஒரு அம்மா பேசுவாங்க, அவங்க சொன்னாத்தான் போடுவேங்கறாரு. வீடு ரொம்பத் தள்ளி இருக்கு. ஆளை அனுப்பியிருக்கேன், போய்ச் சேர ரெண்டு மணி நேரமாவது ஆகும். நீங்க பேசுங்கம்மா."

அவர் எண்ணை அழுத்தி, ஃபோனின் ஒலிபெருக்கியைப் போட்டார். அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயா, வணக்கம். தினமும் காலையில உங்ககிட்ட பேசறது நான்தான். நேத்து சொன்னதுல ஒரு சொல் மாறிப்போச்சு. மாத்திரையை நிறுத்தக் கூடாது. இப்பவே போட்டுக்கோங்க." குரல் நடுங்கியது. சொல்லுக்குச் சொல் மூச்சு முட்டியது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் கணவர் படுத்திருக்கும்போது வேறு எப்படி வரும்.

"நீங்க அந்த அம்மா இல்ல," என்றார் தச்சர். "ஒன்பது பத்து நாளா கேக்கறேன், எனக்குத் தெரியாதா? அவங்களுக்கு மூச்சே வாங்காது. குரல் ஒரு இடத்துல பிசிறாது. எதுக்கும்மா இப்படி ஆளாளுக்குப் பண்ணி என்னைக் கொல்லப் பாக்கறீங்க?"

இணைப்பு அறுந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. நர்ஸ் மறுபடி எண்ணை அழுத்தினார். ஆறேழு முறை மணி அடித்த பிறகு தச்சர் எடுத்தார்.

ரிசீவருக்குப் பக்கத்தில் நான் குனிந்தேன். "ஐயா, வெச்சிடாதீங்க. அவங்களுக்கு மூச்சு வாங்கும். எல்லாருக்கும் வாங்குற மாதிரிதான். அதையெல்லாம் வெட்டி எடுக்கறவன் நான். அவங்க தம்பி. அவங்க வேண்டாம்னுதான் சொன்னாங்க. நடுவுல ஒரு லாரி ஹார்ன் அடிச்சுது. அந்தச் சொல்லை எடுத்துட்டு வேற சொல்லை ஒட்டினேன். கேட்டுப் பாக்காம ஒட்டினேன். அது வேண்டும்னு ஆயிடுச்சு. எங்க அத்தானும் அதைக் கேட்டு நிறுத்திட்டாரு. இப்ப உள்ள படுத்திருக்காரு. உங்க கால்ல விழறேன், மாத்திரையைப் போடுங்க."

நர்ஸ் வாயில் கை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. ஒரு இழுப்பறை திறந்தது. மாத்திரை அட்டையின் தகரத்தாள் கிழிகிற சத்தம், ஒரு டம்ளர், மடக்கு மடக்காக விழுங்குகிற சத்தம். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"போட்டுட்டேன்," என்றார் தச்சர். அவர் குரலும் இப்போது சரியாக இல்லை. "தம்பி, ஒண்ணு கேக்கறேன். இத்தனை நாளா அந்த அம்மா சொன்ன ஒவ்வொண்ணையும் எழுதி வெச்சு அப்படியே செஞ்சிருக்கேன். நெஞ்சு வலிச்சா என்ன பண்ணணும், எந்த மருந்து எத்தனை, எல்லாம். அதுல எது அவங்க சொன்னது, எது நீ வெச்சது?"

முப்பது செய்திகளில் எத்தனை இடத்தில் வெட்டினேன், எத்தனை இடத்தில் ஒட்டினேன் என்று நினைத்துப் பார்த்தேன். ஒட்டியது தெரியக் கூடாது என்றுதானே பதினொரு வருடம் பழகினேன். அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். அவளும் என் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"எனக்கே தெரியலைங்க," என்றேன்.